ராயபுரத்துப் புல்லாங்குழலுக்கு வயது என்ன?

உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் பித்தளை அண்டாவை ஒரு தடவை கீழே இறக்கி, துடைத்துப் பாருங்கள். விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். யார் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது, கல்யாணம் எந்தத் தேதியில் நடந்தது எல்லாமே அந்த ஒரு வரிக்குள் அடங்கியிருக்கும். பாத்திரக் கடை வாசலில் உட்கார்ந்து உளியால் தட்டித் தட்டிப் பெயர் பொறித்தாரே ஒருவர், அவரைக்காட்டிலும் சுருக்கமாகச் சரித்திரம் எழுதியவர் யார் இருக்கிறார்கள்? பாட்டி போன பிறகு, "இது எந்தக் காலத்து அண்டா?" என்று யாராவது கேட்டால், அண்டாவே பதில் சொல்லிவிடும்.

ஆனால் எல்லாப் பொருள்களும் இப்படி மனம் விட்டுப் பேசுவதில்லை. சில பொருள்கள் ஓர் எண்ணை மட்டும் காட்டிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். மேல்நாட்டுப் புல்லாங்குழலும், அதன் தங்கையான பிக்கோலோவும் அந்த ரகம். அவற்றின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி என்று சொல்லத்தான் இன்று உங்களை ராயபுரத்துக்கு அழைத்துப் போகிறேன்.

"ராயபுரமா? எம்.சி. ரோடில் புடவை எடுக்கப் போவோமே!" என்பீர்கள். புடவைக்கு இன்னொரு நாள் போகலாம். இன்று கடற்கரை ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறி, அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கிவிடுவோம்.

இறங்கியதும் அந்தப் பழைய கட்டிடத்தைச் சற்று நின்று பாருங்கள். உயர்ந்த தூண்களோடு ஏதோ பழைய ஜமீன் மாளிகை போல இருக்கும். தென்னிந்தியாவின் முதல் ரயில் இங்கிருந்துதான் புறப்பட்டது. 1856 ஜூன் 28-ல் கவர்னர் ஹாரிஸ் பிரபு திறந்து வைத்தார். ஜூலை முதல் தேதியிலிருந்து பொதுமக்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு, சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலுள்ள வாலாஜா ரோடு வரை போனார்கள். பம்பாயில் மூன்று வருஷம் முன்னாலேயே ரயில் ஓடிவிட்டது. ஆனால் அந்த முதல் ஸ்டேஷன் கட்டிடம் இன்று இல்லை. ராயபுரம் நிற்கிறது. 1873-ல் சென்டிரல் ஸ்டேஷன் வந்த பிறகு, மூத்த மருமகளைப் பின்கட்டுக்கு அனுப்பிய மாதிரி இதற்கு மவுசு குறைந்துவிட்டது.

ஊருக்குப் பெயர் வந்ததும் ஒரு கதை. இயேசுநாதரின் சீடரான பீட்டரைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் இராயப்பர் என்பார்கள். படகோட்டிகள் தங்கள் உழைப்பில் அவருக்கு இங்கே ஒரு கோயில் கட்டினார்கள். அந்தப் படகோட்டிகள் சாமானியப்பட்டவர்கள் அல்ல. சென்னைக்குத் துறைமுகமே இல்லாத நாளில், கப்பல்கள் நடுக்கடலில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். துரைகளும், துரைசானிகளும், அவர்களுடைய பெட்டி படுக்கைகளும் மசூலாப் படகில்தான் கரைக்கு வரவேண்டும். ஓர் ஆணிகூட இல்லாமல், பலகையோடு பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்த படகு அது. அலை தூக்கிப் போட்டால் வளைந்து கொடுக்கும், உடையாது. 1861-ல் கடலுக்குள் இரும்புப் பாலம் போடும் வரையில் பட்டணத்துக்கு வந்த பியானோவும் பிடிலும் ப்ளூட்டும் இந்தக் கயிற்றுத் தையலை நம்பித்தான் கரை சேர்ந்தன. அப்படி வந்ததை விற்பதற்கும் ஆள் இருந்தது. இன்று அண்ணா சாலையில் மியூசி மியூசிகல் என்று இருக்கிறதே, அது 1842-ல் மிஸ்க்வித் என்ற பெயரில் தொடங்கிய கடை.

சரி, குழலுக்கு வருவோம்.

ஸ்டேஷனுக்குச் சற்றுத் தள்ளி ஒரு சந்து. அதில் ஓட்டு வீடு ஒன்று. எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள், தகரப் பெட்டியைத் திறந்து, பழைய புடவைத் துணியில் சுற்றிய இரண்டு சாமான்களை என் மடியில் வைத்தார். ஒன்று கறுப்பு மரத்தில் செய்த நீளமான குழல். உடம்பெல்லாம் வெள்ளி மூடிகளும் நெம்புகோல்களும். அவற்றைக் 'கீ' என்பார்கள். கடற்காற்று பட்டு வெள்ளியும் மரத்தைப் போலவே கறுத்திருந்தது. மற்றது ஒரு சாண் சொச்சத்துக்கு ஒரு பிக்கோலோ.

"ராயபுரத்துல மொத ரயிலு கெளம்பின அன்னிக்கு எங்க தாத்தாவோட தாத்தா இதைத்தாம்மா ஊதினாரு. பாண்டு வாத்தியத்துல இருந்தாரு" என்றார் அம்மாள்.

பக்கத்தில் நின்ற மருமகள் சொன்ன விஷயம் வேறு. ஒரு வியாபாரி வந்து பார்த்துவிட்டு, மூடிகளைக் கழற்றி வெள்ளி எடைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். மரத்தை என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, "அடுப்புக்கு ஆகும்" என்றாராம். பையனுக்குக் காலேஜ் பணம் கட்ட வேண்டிய மாசம். மருமகளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மரத்தில் எழுத்துக்கள் இருந்தன: 'ரூடால், கார்ட் அண்டு கோ, 23, பெர்னர்ஸ் ஸ்டிரீட், ஆக்ஸ்போர்டு ஸ்டிரீட், லண்டன்.' அதற்குக் கீழே நான்கு இலக்கத்தில் ஓர் எண்.

இந்த விலாசம் இருக்கிறதே, அது எண்ணைவிடப் பெரிய வாயாடி! லண்டனில் ரூடாலும் ரோஸும் கூட்டாகக் குழல் செய்யத் தொடங்கியது 1820-களில். அப்போது அவர்கள் கடை கோவென்ட் கார்டனில். பிறகு ரிச்சர்டு கார்ட் என்பவர் கூட்டுச் சேர்ந்தார். (இவருடைய பிள்ளைதான் 1881-ல் லண்டனில் சவாய் நாடகக் கொட்டகையைக் கட்டி, அதற்கு முழுக்க முழுக்க மின்சார விளக்குப் போட்டு ஊரை வாய் பிளக்க வைத்தவர்.) 'ரூடால், கார்ட்' என்று கம்பெனிக்குப் பெயர் மாறியதே 1870-களில். சேரிங் கிராஸில் இருந்த கடையைக் காலி செய்துவிட்டுப் பெர்னர்ஸ் ஸ்டிரீட் 23-ம் நம்பருக்குக் குடிபோனது 1878-ல். நம் வீடுகளில் பழைய கடிதத்தின் வயதை, அப்போது எந்தத் தெருவில் வாடகைக்கு இருந்தோம் என்பதை வைத்துக் கணக்குப் பண்ணுவோம் அல்லவா? அதே வித்தைதான்.

ஆக, இந்தக் குழல் 1878-க்கு முன்னால் பிறந்திருக்க முடியாது. முதல் ரயில் போய் 22 வருஷம் ஆனபிறகு வந்த குழலை, முதல் ரயில் அன்று யார் ஊதியிருக்க முடியும்?

இதை அந்த அம்மாளிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். சொல்லத்தான் வேண்டியிருந்தது. அவர் கொஞ்ச நேரம் குழலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்போ அவரு புள்ள ஊதியிருப்பாரு. அவரும் ரயில்வேதான்" என்று சொல்லிவிட்டு, பிக்கோலோவை எடுத்து என் கையில் கொடுத்தார். "இதைப் பாருங்க."

பார்த்தேன். ஆறு கீ வைத்த சாதாரணப் பிக்கோலோ. பெயர் இல்லை, ஊர் இல்லை. ஓர் எண் மட்டும் முத்திரையிட்டிருந்தது. இந்த மாதிரிப் பிக்கோலோக்களை ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் பல பட்டறைகளில், ஏறக்குறைய ஒரே அச்சில், பல பத்து வருஷங்களுக்குச் செய்து தள்ளியிருக்கிறார்கள். செய்தவர் பெயர் தெரியாத எண், ஊர் பெயர் எழுதாத கதவிலக்கம் போன்றது. பன்னிரண்டாம் நம்பர் வீடு என்றால் எந்தத் தெருவில் போய்த் தேடுவது?

"இதுக்கு வருஷம் சொல்ல முடியாது, பாட்டி" என்றேன்.

"முடியாதுன்னா சரி. அப்ப இதுதான் மொத ரயிலு அன்னிக்கு ஊதினது" என்று சொல்லிப் புடவைத் துணியில் அதை மட்டும் தனியாகச் சுற்றி வைத்தார். நான் என்ன சொல்ல? மறுக்க என்னிடம் ஒரு சாட்சியும் இல்லை!

எண் என்பது தானாகப் பேசாது. அதற்கு ஒரு பேரேடு வேண்டும். இதை உங்கள் கழுத்துச் சங்கிலியிலேயே பார்க்கலாம். 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து கடையில் விற்கும் ஹால்மார்க் தங்க நகையில் ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறி கட்டாயம். அதைச் சும்மா உற்றுப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. பி.ஐ.எஸ். செயலியில் தட்டிப் பார்த்தால்தான் நகையின் ஜாதகம் வரும். அதற்கு முந்தைய ஹால்மார்க் முறை 2000-ல் வந்தபோது இவ்வளவு சிரமம் இல்லை. வருஷத்துக்கு ஓர் எழுத்து. 'ஏ' என்றால் 2000, 'பி' என்றால் 2001. லண்டன் வெள்ளிக்கும் இதே வழக்கம் பல நூற்றாண்டுகளாக உண்டு. நடந்துபோகும் சிங்கம், பக்கத்தில் வருஷத்துக்கு ஓர் எழுத்து. முழுக்க வெள்ளியில் செய்த ப்ளூட்டில் இந்த முத்திரை இருந்தால் பேரேடுகூட வேண்டாம். மரக் குழலின் சின்னச் சின்ன மூடிகளில் இந்தச் சிங்கத்தைப் பெரும்பாலும் எதிர்பார்க்க முடியாது. இன்னொன்று, பல குழல்களில் மூடிகள் வெள்ளியே அல்ல. 'ஜெர்மன் சில்வர்' என்று பெயர். செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. பெயரில்தான் வெள்ளி! எடைக்குப் போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ரூடால் கார்ட் கம்பெனியின் பேரேடுகள் நல்ல வேளையாகப் பிழைத்திருக்கின்றன. கம்பெனி பிற்காலத்தில் பூஸி அண்டு ஹாக்ஸ் என்ற பெரிய வாத்தியக் கம்பெனியிடம் போய்ச் சேர்ந்தது. பேரேடுகள் இப்போது லண்டனில் ஹார்னிமன் மியூசியத்தில் இருக்கின்றன. எந்த எண், என்ன மாதிரிக் குழல், எப்போது, யாருக்கு என்று கணக்குப்பிள்ளைகள் எழுதி வைத்த நோட்டுகள். மளிகைக் கணக்கு மாதிரி எழுதியவர்கள், நூறு வருஷம் கழித்து ராயபுரத்தில் ஒரு மருமகளுக்கு அது உபயோகப்படும் என்று கனவு கண்டிருப்பார்களா?

பேரேடு கைக்கு எட்டாவிட்டால் மனக்கணக்குப் போடலாம். பாரிஸில் லூயி லோ என்று ஒரு குழல் மேதை. 1855-ல் தனிக்கடை போட்டு ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்கினார். 1869-ல் செய்த குழல் ஒன்றின் எண் 1375. பதினாலு வருஷத்தில் சுமார் 1,370 குழல். வருஷத்துக்கு நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். 700-ம் எண் குழல் கிடைத்தால், 1862-க்கு முன்னே பின்னே என்று சொல்லிவிடலாம். ஆனால் இதில் ஒரு பொறி உண்டு. லூயி லோ 1876-ல் கடையை வேறொருவரிடம் ஒப்படைத்து ஓய்வு பெற்றுவிட்டார். பின்னால் வந்தவர்களும் அவர் பெயரையே முத்திரையாகக் குத்தினார்கள். ஆகவே பெயரைப் பார்த்து ஏமாறாமல் எண்ணைப் பார்க்க வேண்டும். அவர் கையால் செய்ததா, அவர் பெயரால் செய்ததா என்பதை எண்தான் சொல்லும்.

அந்த 1375-ம் எண்ணின் கதையைக் கேளுங்கள். அது 18 காரட் தங்கத்தில் செய்த ப்ளூட். ரெமூஸா என்ற பிரெஞ்சு வித்துவானுக்காகச் செய்தது. அவர் அதை எடுத்துக்கொண்டு சீன தேசத்து ஷாங்காய் துறைமுகத்துக்குப் போய், அங்கேயே 1880-ல் காலமானார். குழல் எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. 1948-ல் பிரான்ஸில் ஒரு பழம்பொருள் வியாபாரியிடம் அது தலைகாட்டியது. தங்கமாக உருக்கிவிட வேண்டியதுதான் பாக்கி! ழான் பியேர் ராம்பால் என்ற இளைஞர் அதைக் கேள்விப்பட்டு, குடும்பத்தார் உதவியோடு பணம் புரட்டி வாங்கிக் காப்பாற்றினார். பின்னால் உலகம் முழுதும் பெயர் பெற்ற வித்துவான் அவர். நம் ரவிசங்கரோடு சேர்ந்துகூட இசைத்தட்டுக் கொடுத்திருக்கிறார். ராயபுரத்து மருமகளிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "தங்கத்துக்கே அந்தக் கதியா?" என்று கேட்டுச் சிரித்தார். வியாபாரி அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியிருந்தாராம். மியூசியத்திலிருந்து பதில் வரும் வரையில் பொறுத்திருக்கச் சம்மதித்தார். எண்ணை நானும் அவருமாகச் சேர்ந்து எழுதி, போட்டோ பிடித்து அனுப்பியிருக்கிறோம்.

எண் தெரிந்தால் உடனே லட்சாதிபதி ஆகிவிடலாம் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் பாவெல் என்பவர் செய்த 365-ம் எண் ப்ளூட், முழுக்கப் பிளாட்டினம். 1939-ல் நியூயார்க் உலகக் கண்காட்சிக்காகச் செய்து, பிலடெல்பியா வாத்தியக் கோஷ்டியின் கின்கெய்டு என்ற பெரிய வித்துவான் கைக்குப் போனது. 1986-ல் ஏலத்தில் அது 1,87,000 டாலருக்கு விலை போயிற்று. அது ராஜகுமாரி. நம் ராயபுரத்துக் குழலுக்கு அந்த விலையெல்லாம் வராது. அதற்கு ஒரு காரணமும் உண்டு. அந்தக் காரணமே வயதுக்கு இன்னொரு சாட்சி.

"கிறிஸ்துமஸுக்கு ஆர்மோனியத்தோட சேர்த்து ஊதினா சேரவே சேராதும்மா. அதனாலதான் யாரும் தொடறதில்ல" என்று பாட்டி சொன்னார். சுருதி பேதம்! இன்று உலகம் முழுதும் மேல்நாட்டு வாத்தியங்களில் 'ஏ' என்ற சுவரத்துக்கு வினாடிக்கு 440 அதிர்வு என்று வைத்திருக்கிறார்கள். விக்டோரியா ராணி காலத்து இங்கிலாந்தில் அது 452 வரை ஏறியிருந்தது. லண்டன் கச்சேரி மேடைகளில் 1896-ல் சுருதியை இறக்கிவிட்டார்கள். ஆனால் பட்டாளத்துப் பாண்டுகளுக்கு வாத்தியங்களை எல்லாம் மாற்றப் பணம் ஆகுமே! அவர்கள் 1920-களின் கடைசி வரை பழைய உச்ச சுருதியிலேயே ஊதிக்கொண்டிருந்தார்கள். ஆகவே ஒரு பழைய ப்ளூட் ஆர்மோனியத்தோடு சண்டை போட்டால், அது கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. பழைய காலத்து சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். இதனாலேயே இன்றைய கோஷ்டிகளில் வாசிப்பவர்கள் அதை வாங்க முன்வருவதில்லை.

நம் மூங்கில் குழலுக்கு இந்தத் தொல்லை ஒன்றும் கிடையாது. பல்லடம் சஞ்சீவராவ் வாசித்ததும் மாலி என்ற டி.ஆர். மகாலிங்கம் வாசித்ததும் எண் குத்தாத மூங்கில்தான். துளை போட்டவர் கணக்கும் எழுதி வைப்பதில்லை. குழலும் வயதைச் சொல்வதில்லை. வாசித்தவர்களின் வயதை வைத்துத்தான் குழலின் வயதைச் சொல்ல வேண்டும்.

உங்கள் வீட்டிலோ, தெரிந்தவர் வீட்டிலோ இப்படி ஒரு ப்ளூட்டோ பிக்கோலோவோ இருந்தால், முதலில் அதைப் புளி போட்டுத் தேய்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். வெள்ளிப் பாத்திரம் துலக்குகிற பொடியும் வேண்டாம். தேயத் தேய எழுத்து போய்விடும். எழுத்து போனால் சாட்சி போயிற்று. வெயிலில் காய வைப்பதும் ஆபத்து. ஊதுகிற தலைத்துண்டின் உட்புறம் உலோகக் குழாய் இருக்கும். காயக் காய மரம் சுருங்கும், குழாய் சுருங்காது; மரம் வெடித்துவிடும். பல பழைய குழல்களில் தலைத்துண்டில் நீளவாட்டில் ஒரு கீறல் இருப்பது இதனால்தான்.

நல்ல வெளிச்சத்தில் வைத்து, ஒவ்வொரு துண்டிலும் இருக்கிற எழுத்தை அப்படியே, ஒரு புள்ளி விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். துண்டுக்குத் துண்டு எண் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். வேறுபட்டால், நடுவில் யாரோ இரண்டு குழலை ஒன்றாக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். விலாசம் இருந்தால் அதையும் எழுதுங்கள். பெட்டியை மட்டும் தூக்கி எறிந்துவிடாதீர்கள்! ராயபுரத்துப் பெட்டிக்குள், கிழிந்த வெல்வெட்டுக்கு அடியில், ரிப்பேர் செய்த ரசீது ஒன்று நாலாக மடித்து இருந்தது. பூச்சி அரித்தது போக மிச்சம் இருந்தது, 'மதராஸ்' என்ற வார்த்தையும் மூன்று ரூபாய் எட்டணா என்ற தொகையும்தான். தேதி இருந்த மூலையைக் கரையான் தின்றுவிட்டது.